பெர்லின் சுவரும் சிலாங்கூர் முள்வேலியும்

மலாயாவில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க பிரிட்டிஷ் அரசு 1948இல் அறிவித்த அவசரகாலம் 1960 ஜூலை 31 அன்று முடிவுக்கு வந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 13, ஞாயிற்றுக்கிழமை, பொழுது விடிவதற்குள் கிழக்கு ஜெர்மனியின் கம்யூனிஸ்ட் அரசு பெர்லின் நகரின் குறுக்கே முள்கம்பியை இழுத்துவிட்டது. இரண்டு செய்தியையும் கோலாலம்பூர்க்காரர்கள் ஓராண்டு இடைவெளியில் படித்தார்கள். படித்தவர் அவசரகாலத்தில் முள்வேலி சூழ்ந்திருந்த ஜிஞ்சாங்கிலோ செர்டாங்கிலோ குடியிருந்தவர் என்றால், நடுவே முள்கம்பி வந்தால் ஒரு ஊருக்கு என்ன ஆகும் என்று யாரும் அவருக்கு விளக்க வேண்டியிருந்திருக்காது.

ஊரைப் பிளந்து நிறுத்திய ஓர் அரணை ஒரு கம்யூனிஸ்ட் அரசு எந்தக் கண்ணால் பார்த்தது? பெர்லினை வைத்து இந்தக் கேள்விக்கு ஏராளமானோர் பதில் எழுதியிருக்கிறார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் உட்கார்ந்து கேட்டால் கேள்வி கொஞ்சம் வளைகிறது. இங்கே வேலி போட்டது பிரிட்டிஷ் அரசு. கம்யூனிஸ்டுகள் வேலிக்கு வெளியே, காட்டில். ஓதியது ஒரே மார்க்ஸ், ஒரே லெனின். நின்ற பக்கம் மட்டும் வேறு. இருவரும் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கூடவே மூன்றாவதாக ஒரு வேலி இருக்கிறது. அவசரகாலத்தைப் பற்றி எழுதியவர்கள் அதன் அருகே அதிக நேரம் நின்றதில்லை: தமிழர் வாழ்ந்த ரப்பர் தோட்டத்தின் எல்லை. என் கணிப்பில், பெர்லின் சுவருக்கு மலாயாவில் நெருங்கிய சொந்தம் அதுதான்.

பெர்லின் தரப்பு

கிழக்கு ஜெர்மன் ஆட்சியாளர்கள் அதைச் சுவர் என்று பொதுவில் சொல்வதைத் தவிர்த்தார்கள். மேடையில் ‘பாசிச எதிர்ப்புப் பாதுகாப்பு அரண்’; கோப்புகளில் வெறும் ‘அரச எல்லை’. ஆனால் 1961 ஜூன் 15 அன்று நடந்த செய்தியாளர் கூட்டத்தில் ஆளுங்கட்சித் தலைவர் வால்டர் உல்பிரிக்ட், சுவர் கட்டும் எண்ணம் யாருக்கும் இல்லை என்று அறிவித்தார். கேள்வி கேட்டவர் எல்லையைப் பற்றித்தான் கேட்டிருந்தார். சுவர் என்ற பேச்சை எடுத்தவர் உல்பிரிக்ட்தான். இரண்டு மாதத்தில் சுவர் வந்தது.

அரசு வைத்த வாதங்கள் மூன்று. முதலாவது போர் பற்றியது. மேற்கு பெர்லின் தங்கள் நாட்டின் நடுவயிற்றில் இருக்கும் நேட்டோ முகாம். ஒற்றர்களும் நாசவேலைக்காரர்களும் அங்கிருந்து நுழைகிறார்கள். எல்லையை மூடியதால் ஐரோப்பாவில் ஒரு போர் தடுக்கப்பட்டது என்றார்கள். இதை முழுப் பொய் என்று நான் தள்ளிவிட மாட்டேன். எல்லையை மூடும் பணியை முன்னின்று நடத்திய எரிக் ஹோனெக்கர், நாஜிகளின் காவலில் சுமார் பத்தாண்டு கிடந்தவர். அந்த நேரத்தில் மேற்கு ஜெர்மனியின் சான்சலர் ஆடனாவரின் அலுவலகத்தை நிர்வகித்த ஹான்ஸ் குளோப்கே, யூதர்களுக்கு எதிரான நியூரம்பர்க் இனச் சட்டங்களுக்கு விளக்கவுரை எழுதியவர்களில் ஒருவர். பழைய எதிரி எல்லைக்கு அந்தப்புறம் கோட்டு மாட்டிக்கொண்டு பதவியில் இருக்கிறான் என்று ஹோனெக்கரின் தலைமுறை நம்பியதில் வியப்பில்லை.

இரண்டாவது வாதம் பொருளாதாரம். 1949 முதல் 1961 வரை சுமார் 27 லட்சம் பேர் கிழக்கிலிருந்து வெளியேறினார்கள். நாட்டின் மொத்த மக்கள்தொகையே ஒன்றே முக்கால் கோடிக்குள். போனவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் 25 வயதுக்குக் கீழ். மருத்துவர், பொறியாளர், ஆசிரியர், கைதேர்ந்த தொழிலாளி என்று யாரெல்லாம் நாட்டுக்கு வேண்டுமோ அவர்களே கிளம்பினார்கள். 1961 ஜூலையில் மட்டும் சுமார் 30,000 பேர். இவர்களைத் தவிர, கிழக்கில் குறைந்த வாடகைக்குக் குடியிருந்து, மானிய விலையில் ரொட்டி வாங்கித் தின்று, காலையில் ரயிலேறி மேற்கில் வேலைக்குப் போய் வலுவான மார்க்கில் சம்பளம் வாங்கிய பல்லாயிரம் பேர். நாங்கள் படிக்கவைத்தோம், அவர்கள் பறித்துக்கொள்கிறார்கள் என்றது அரசு. வெளியேற உதவியவர்களை ‘ஆள் கடத்துவோர்’ என்றது. வெளியேறுவதைக் குற்றமாக்கி, அதற்கு ‘குடியரசிலிருந்து தப்பியோடுதல்’ என்று பெயர் வைத்தது. இந்தப் பெயரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், தோட்டத்துக்கு வரும்போது தேவைப்படும்.

மூன்றாவது, எல்லா நாட்டுக்கும் எல்லை உண்டு, எங்களுக்கும் உண்டு என்ற இறையாண்மை வாதம். அதில் பேச அதிகமில்லை. உலக நாடுகளில் பல 1970கள் வரை அந்த அரசை அங்கீகரிக்காமல் இருந்ததால் இந்த வாதத்துக்கு அவர்களிடம் ஒரு ஏக்கம் கலந்த அழுத்தம் இருந்தது, அவ்வளவே. மலேசியா அங்கீகரித்தது 1973இல்.

மேடையில் முதல் வாதம் முழங்கியது; உள் கூட்டங்களில் இரண்டாவதுதான் நடந்தது. சோவியத் ஆவணங்கள் திறந்தபின் ஹோப் ஹாரிசன் எழுதிய ஆய்வு இதைத் துலக்கியது. எல்லையை மூடும்படி சோவியத் தலைவர் குருஷ்சேவை நச்சரித்தவர் உல்பிரிக்ட். நீ ஆளும் விதத்தைத் திருத்து, மக்கள் தங்குவார்கள் என்ற பாணியில் மாஸ்கோ ஆண்டுக்கணக்கில் தட்டிக்கழித்தது. கடைசியில் 1961 கோடையில்தான் தலையசைத்தது. மாஸ்கோ சொல்ல பெர்லின் ஆடியது என்ற பழைய கதைக்கு இதனால் அடி விழுந்தது. வரலாற்றாய்வாளர் பாட்ரிக் மேஜர் வேறு திசையில் போனார். சுவருக்குள் சாதாரண மக்கள் எழுதிய மனுக்கள், பயண விண்ணப்பங்கள், முணுமுணுப்புகள் வழியாக, மூடிய எல்லையோடு எப்படிக் குடும்பம் நடத்தினார்கள் என்று பார்த்தார்.

எனக்கு ஆவணங்களைவிட கட்டுமானம் நம்பகமான சாட்சியாகப் படுகிறது. மேற்கு பெர்லினைச் சுற்றி 155 கிலோமீட்டர். அதில் நகரின் இரு பாதிகளுக்கு நடுவே மட்டும் 43 கிலோமீட்டர். கிழக்கிலிருந்து வருபவர் முதலில் சந்திப்பது ஓர் உட்சுவர். பிறகு தொட்டால் மணியடிக்கும் கம்பி, காவல் கோபுரங்கள், நாய்கள், காலடி பதியும்படி சீவிவிட்ட மணல், வண்டிகளை மடக்கும் பள்ளம். எல்லாவற்றுக்கும் பிறகே கடைசிச் சுவர். மேற்கிலிருந்து வருபவருக்கு அந்தக் கடைசிச் சுவர் மட்டுமே. கையால் தொடலாம், வண்ணம் பூசலாம், பூசினார்கள். மேற்கிலிருந்து வரும் பாசிஸ்டைத் தடுக்கக் கட்டிய அரணின் பற்கள் எல்லாம் கிழக்கைப் பார்த்து முளைத்திருந்தன. அந்தச் சுவரில் உயிரிழந்தவர்கள் குறைந்தது 140 பேர் என்று போட்ஸ்டாம் ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

சிலாங்கூரில் நடந்தது

1948 ஜூன் 16 அன்று பேராக்கில் சுங்கை சிப்புட் அருகே மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக்கொல்லப்பட்டதை அடுத்து அவசரகாலம் வந்தது. முதல் இரண்டாண்டு அரசு இருட்டில் கைவீசியது. அந்த வீச்சில் பட்ட இடங்களில் ஒன்று சிலாங்கூரின் பத்தாங் காலி: 1948 டிசம்பர் 12 அன்று ஒரு ரப்பர் தோட்டத்தில் ஆயுதம் இல்லாத 24 சீனர்களை ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர் சுட்டுக் கொன்றார்கள்.

1950 ஏப்ரலில் இயக்கத் தளபதியாக வந்த லெப்டினன்ட் ஜெனரல் ஹெரால்ட் பிரிக்ஸ் கணக்கை மாற்றிப் போட்டார். காட்டில் இருப்பவனைத் தேடாதே. அவனுக்கு அரிசி வரும் வழியை அடை. அரிசி வந்த வழி, காட்டோரத்தில் குடிசை போட்டுக் காய்கறியும் மரவள்ளியும் பயிரிட்ட சீனப் புறம்போக்குக் குடிகள். பொருளாதார மந்தத்திலும் ஜப்பான்காரன் காலத்திலும் பட்டணத்தில் பிழைக்க முடியாமல் அங்கே போனவர்கள். அவர்களை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து முள்வேலிக்குள் வைத்தார்கள். 1954க்குள் 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், சுமார் 480 புதுக்கிராமங்கள்.

இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் காரில் ஒரு சுற்றுப் போனாலே பாதி ஊர்கள் அந்தப் பட்டியலில் இருக்கும்: ஜிஞ்சாங், சாலாக் சவுத், அம்பாங், சுங்கைவே, செர்டாங், கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய பண்டமாரான். சாப்பாட்டுக் கடைக்காக ஞாயிற்றுக்கிழமை வண்டியை நிறுத்தும் இடங்களில் பலவற்றுக்கு ஒரு காலத்தில் வாயிலும் காவலரும் ஊரடங்கும் இருந்தன.

அந்த வாயிலில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வேலியின் குணம் அங்கேதான் தெரிகிறது. பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. விடிந்தபின் கதவு திறக்கும். ரப்பர் மரத்துக்கு அது ஒத்துவராது: பால் நன்றாக இறங்குவது இருள் பிரியுமுன், வெயில் ஏறினால் வரத்து குறையும். கதவு தாமதமாகத் திறந்தால் அன்றைய கூலியில் அடி. வெளியே போகும்போது சோதனை. மதியச் சோறு எடுத்துப் போகக் கூடாது. காட்டில் இருப்பவனுக்குப் போய்விடும். வெறும் வயிற்றோடு மரம் சீவிவிட்டுத் திரும்பிவந்துதான் சாப்பிட வேண்டும். கடைக்காரர் டின் உணவை விற்கும்போதே ஓட்டை போட்டுக் கொடுக்க வேண்டும், சேர்த்துவைத்தால் கெட்டுப்போகும்படி. அரிசிக்கு அளவு. சில இடங்களில் அரிசியாகக் கொடுக்காமல் பொதுச் சமையலில் சோறாக்கியே கொடுத்தார்கள். சோறு மறுநாள் வரை தாங்காது. காஜாங் வட்டாரத்தின் செமினியில் இந்தச் சோதனை பெண்களை எந்த அளவுக்கு அவமதித்தது என்ற புகார் பெரிதாகி, 1956இல் அரசே ஒரு விசாரணை ஆணையம் வைத்தது.

அரசின் வாதம் நமக்கு இப்போது பழகிய வாதம்தான். பயங்கரவாதிகள் மிரட்டிப் பிடுங்குகிறார்கள், அவர்களிடமிருந்து மக்களைக் காக்கவே வேலி. இதிலும் உண்மை உண்டு. துப்பாக்கியோடு இரவில் வந்து அரிசி கேட்பவனுக்கு இல்லை என்று சொல்ல யாருக்கும் துணிவிருக்காது. ஆனால் காவல் வேலி என்றால் உள்ளே வருபவனை அல்லவா முதலில் தடவிப் பார்க்க வேண்டும்? இங்கே சோதனையின் பெரும்பகுதி வெளியே போகிறவர்கள்மேல் நடந்தது. பெர்லினில் பற்கள் கிழக்கைப் பார்த்ததும் இதுவும் ஒரே விஷயம்.

வேறுபாடுகளையும் மறைக்கக் கூடாது. புதுக்கிராமத்துக்கு ஊராட்சி மன்றத் தேர்தல் வந்தது, பள்ளி வந்தது, குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் பின்னால் வந்தன; கம்யூனிஸ்ட் நடமாட்டம் ஓய்ந்த வட்டாரம் ‘வெள்ளைப் பகுதி’ என்று அறிவிக்கப்பட்டால் கட்டுப்பாடு தளர்ந்தது. 1953இல் மலாக்காவில் தொடங்கிய நடைமுறை அது. பெர்லினில், அதற்குள் ஆட்சித் தலைவராகிவிட்ட ஹோனெக்கர் 1989 ஜனவரியில்கூட, காரணங்கள் நீங்காதவரை சுவர் இன்னும் ஐம்பது, நூறு ஆண்டு நிற்கும் என்று பேசிக்கொண்டிருந்தார்.

காட்டிலிருந்து பார்த்தால்

மலாயா கம்யூனிஸ்ட் கட்சி புதுக்கிராமங்களைச் சித்திரவதை முகாம்களோடு சேர்த்துப் பேசியது. வேலி போட்டவன் மக்களைக் கைதியாக்கிவிட்டான் என்பது அதன் பிரசாரம். சரி. கைதியிடம் எப்படி நடந்துகொண்டது? முதல் சில ஆண்டுகளில் அடையாள அட்டையையும் ரேஷன் அட்டையையும் பறித்தது. அந்த அட்டை இல்லாமல் ஒரு குடும்பம் வாயிலைத் தாண்டவும் முடியாது, அரிசி வாங்கவும் முடியாது. ரப்பர் மரங்களை வெட்டிப் பாழாக்கியது. துரையின் சொத்து என்று வெட்டினார்கள், அந்த மரத்தை நம்பி உலை வைத்தவன் தொழிலாளி. புதுக்கிராமங்களுக்கும் தோட்டத்து லயங்களுக்கும் தீ வைத்தது. தமிழ்க் கங்காணிகளும் கிராணிகளும் தொழிலாளரும் அதன் கையால் செத்தார்கள்.

இந்தப் போக்கை வெளியிலிருந்து யாரும் கண்டித்து நிறுத்தவில்லை. கட்சியே ஒரு நாள் உட்கார்ந்து எழுதியது. 1951 அக்டோபர் 1 தேதியிட்ட மத்தியக் குழுவின் உத்தரவு, அவசரகால ஆய்வுகள் எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வரும் ஆவணம். அடையாள அட்டை பறிப்பதை நிறுத்து. புதுக்கிராமங்களையும் தொழிலாளர் லயங்களையும் எரிப்பதை நிறுத்து. தபால் நிலையம், நீர்த்தேக்கம், மின் நிலையம் போன்ற பொதுச் சேவைகளைத் தாக்காதே. பயணிகள் ரயிலைக் கவிழ்க்காதே. சாரம் இவ்வளவுதான்: மக்களை இழந்துகொண்டிருக்கிறோம். ஐந்து நாள் கழித்து பிரேசர்ஸ் ஹில் சாலையில் பிரிட்டிஷ் ஹைகமிஷனர் ஹென்றி கர்னி சுட்டுக்கொல்லப்பட்டார். உத்தரவு கீழ்மட்டப் படைகளைப் போய்ச் சேர மாதங்கள் பிடித்தன. காட்டு அஞ்சல் அப்படி.

ஆந்தனி ஷார்ட் முதல் ரிச்சர்ட் ஸ்டப்ஸ் வரை எழுதியவர்கள் இந்த உத்தரவை எப்படி எடைபோடுவது என்பதில் ஒத்துப்போகவில்லை. தோல்வியை ஒப்புக்கொண்டதா, திசை மாற்றமா, பிரிக்ஸ் வேலி வேலைசெய்ததன் விளைவா, அல்லது அதற்கு முன்பே உள்ளே நடந்த விவாதமா? கர்னிக்கு அடுத்த ஹைகமிஷனர் டெம்ப்ளர் 1952இல் வந்து ‘இதயங்களையும் மனங்களையும்’ வென்றார் என்ற பிரிட்டிஷ் பெருமைக்கு இந்தத் தேதி இடைஞ்சல். அவர் வந்து சேருமுன்பே எதிராளி தன் தவறை எழுதிவைத்துவிட்டான். பின்னாளில் கட்சித் தலைவர் சின் பெங் தம் நினைவுகளில், மக்களை இடம்பெயர்த்ததால் உணவு வழி அறுந்ததே தங்களை முறித்தது என்பதை மறைக்கவில்லை.

கட்சியின் வேலிப் பார்வையில் எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு. அக்டோபர் உத்தரவு மக்களுக்கு இரங்கி எழுதியதல்ல. வேலிக்குள் இருப்பவர் கையில் அரிசி இருக்கிறது. அவர் நம்மை வெறுத்தால் அரிசி வராது. பிரிக்ஸ் போட்ட அதே கணக்கை மறுபக்கத்திலிருந்து போட்டிருக்கிறார்கள். பிரிட்டிஷாருக்கு அந்தக் குடும்பம் அடைக்க வேண்டிய வழி, கட்சிக்குத் திறக்க வேண்டிய வழி. உல்பிரிக்டுக்கோ அது அரிசிக் கணக்கே இல்லை. ஆள் கணக்கு, உழைப்புக் கணக்கு. அந்தக் கணக்கை மலாயாவில் தேடினால் புதுக்கிராமத்தில் கிடைக்காது.

தோட்டத்தின் பழைய எல்லை

ரப்பர் தோட்டம் ஓர் ஊர்போல இருக்கும். லயம், கோயில், தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை, மருந்துக்கொட்டகை, பெரட்டுக்களம், மேட்டில் துரை பங்களா. ஆனால் வீடு கம்பெனியுடையது, பாதை கம்பெனியுடையது. உள்ளே யார் வரலாம் என்பதைத் துரை தீர்மானித்தார். 1910இல் ஒப்பந்தக்கூலி முறை ஒழியும்வரை, தோட்டத்தைவிட்டு ஓடிப்போவது தண்டனைக்குரிய குற்றம். அதற்குப் பிறகும் வேலை தொடர்பான குற்றங்களுக்குச் சிறை வைக்கும் சட்டம் 1920களின் தொடக்கம்வரை நீடித்தது. அந்தக் காலத் தோட்ட முதலாளிகளின் புலம்பலைப் படித்தால் பெர்லின் ஞாபகம் வரும்: நாங்கள் கப்பல் கூலி கொடுத்து அழைத்துவந்த ஆளை, பக்கத்துத் தோட்டத்துக் கங்காணி ஆசை காட்டி இழுத்துப் போகிறான். நாங்கள் செலவழித்தோம், அவன் பறிக்கிறான். கிழக்கு ஜெர்மனி ‘தப்பியோடுதல்’ என்றும் ‘ஆள் கடத்துவோர்’ என்றும் சட்டமாக்கியதை, ஒரு கம்யூனிஸ்ட்கூட இல்லாத தோட்ட முதலாளிகள் ஐம்பது ஆண்டு முன்பே பேசியிருக்கிறார்கள். முதலீடு செய்த ஆள் நடந்து வெளியேறிவிடக் கூடாது என்ற பயம் இரண்டுக்கும் பொது.

இதற்கு மலாயா அரசு கண்ட மாற்றுவழி வேலியைவிடச் சாமர்த்தியமானது. 1907இல் தொடங்கிய தமிழ்க் குடியேற்ற நிதி, இந்தியத் தொழிலாளரை வைத்திருந்த எல்லா முதலாளிகளிடமும் வரி வசூலித்து ஆள் அழைத்துவரும் செலவைப் பங்குபோட்டது. ஆள் யாரிடம் போனாலும் யாருக்கும் தனி நட்டமில்லை. சட்டப்படி ஒரு மாத முன்னறிவிப்போடு தொழிலாளி கிளம்பலாம். நடைமுறையில் கடன், கங்காணி, பேச்சுத்துணை இல்லாத வெளியுலகம் ஆகியவை அவரை உள்ளேயே வைத்தன.

இந்த எல்லையை வெளிப்படையாகக் கேள்வி கேட்டது 1941ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தம். ஆர்.எச். நாதன் முன்னணியில் நின்ற கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் எழுப்பிய கோரிக்கைகளில் கூலி உயர்வும் கள்ளுக்கடை மூடலும் இருந்ததை எல்லோரும் எழுதுவார்கள். நான் நின்று படிப்பது வேறு இரண்டை. ஒன்று, துரையின் எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கம் போக வேண்டும். மற்றொன்று, உறவினரும் நண்பரும் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்துபோக விட வேண்டும். அண்ணன் வீட்டுக்குத் தம்பி வர அனுமதி கேட்கும் ஊரில்தான் அவர்கள் வாழ்ந்தார்கள். 1963 கிறிஸ்துமஸுக்கு மேற்கு பெர்லின்வாசிகள் கிழக்கிலிருக்கும் சொந்தக்காரரைப் பார்க்க அனுமதிச்சீட்டுக்கு வரிசையில் நின்றதை உலகமே படம்பிடித்தது. கிள்ளானில் அதே வகைக் கோரிக்கைக்கு மே மாதம் நாதன் கைதானார், நாடு கடத்தப்பட்டார், சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்து இந்தியப் படைவீரர்களையே இறக்கிச் சுட்டார்கள், தொழிலாளர் உயிரிழந்தார்கள்.

போருக்குப் பின் இந்த எல்லையைத் தாண்டியவர்கள் கம்யூனிஸ்ட் கட்சியோடு நெருங்கிய தொழிற்சங்கக்காரர்கள். தஞ்சை மண்ணில் பிறந்து மலாயா வந்த எஸ்.ஏ. கணபதி, அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவரானார். சங்க ஆள் தோட்டத்துக்குள் கால்வைத்தால் அத்துமீறி நுழைந்தவர் என்று விரட்டுவது முதலாளிகளின் வழக்கமான ஆயுதம். 1948 ஜூனில் சம்மேளனம் தடைசெய்யப்பட்டது. கணபதி 1949 மார்ச்சில் ராவாங் அருகே வாட்டர்பால் தோட்டப் பக்கம் துப்பாக்கியோடு பிடிபட்டார் என்று வழக்கு. மே 4 அன்று புடு சிறையில் தூக்கு. தண்டனையை நிறுத்த இந்திய அரசு கேட்டும் பயனில்லை. அவருடைய சக தலைவர் வீரசேனன் அதற்கு முந்தைய நாள் சுட்டுக்கொல்லப்பட்டார்.

அதற்குப் பிறகுதான் தோட்டத்துக்கு முள்கம்பி வந்தது. பிரிக்ஸ் திட்டத்தின் இரண்டாம் பாதி அது. புதுக்கிராமத்துக்கு ஆட்களை ஊர்விட்டு ஊர் கொண்டுபோனார்கள். தோட்டத்திலும் சுரங்கத்திலும் சிதறிக்கிடந்த லயங்களை ஒரே இடத்தில் குவித்துச் சுற்றி வேலி போட்டார்கள். இப்படிக் குவிக்கப்பட்டவர்கள் 6 லட்சத்துக்கும் மேல் என்று கர்னியால் சிங் சந்துவின் ஆய்வு காட்டுகிறது. புதுக்கிராமத்தாரைவிட இது அதிகம், இதில் பெரும்பகுதி ரப்பர் தோட்டத்தார். ஆனாலும் அவசரகாலம் என்றால் நூல்களில் சீனப் புதுக்கிராமம், தமிழர் பெயர் அடிக்குறிப்பில். காரணம் எளிது என்று நினைக்கிறேன். சீனக் குடியானவருக்கு வேலி ஒரு பேரிடி. நேற்றுவரை அவர் கேட்பாரின்றிப் பயிர்செய்தவர். தோட்டத் தமிழருக்கு எல்லை ஏற்கெனவே இருந்தது. அதன்மேல் கம்பி சுற்றினார்கள், வாயிலில் ஸ்பெஷல் கான்ஸ்டபிளை நிறுத்தினார்கள், அடையாள அட்டை காட்டச் சொன்னார்கள். நிர்வாகத்துக்கு இதில் கூடுதல் லாபமும் உண்டு: கம்யூனிஸ்டைத் தடுக்கும் வாயில் சங்கக்காரரையும் தடுத்தது. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானபோது, உள்ளே வர அனுமதி பெற்ற சங்கமாகவே வந்தது.

இந்த வேலி தமிழரைத் தமிழரிடமிருந்தும் பிரித்தது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்த குமாஸ்தாவுக்கும் ஆசிரியருக்கும் சாலைச் சோதனையும் அடையாள அட்டையும் மட்டுமே தொல்லை. அவர் சினிமாவுக்குப் போய் இரவு வீடு திரும்பிய நேரத்தில், கிள்ளான் சாலையோரத் தோட்டத்தில் விளக்கு அணைந்து கதவு பூட்டியிருந்தது. அந்தக் கால மேடைகளில் சமுதாயத்தின் பெயரால் பேசியவர்களில் பெரும்பாலோர் பூட்டாத பக்கத்தில் இருந்தார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

வேலி போன பிறகு

1989 நவம்பர் 9 இரவு பெர்லின் சுவர் திறந்தது. டிசம்பர் 2 அன்று தாய்லாந்தின் ஹட்யாயில் மலாயா கம்யூனிஸ்ட் கட்சி மலேசிய, தாய்லாந்து அரசுகளோடு உடன்படிக்கையில் கையெழுத்திட்டு ஆயுதத்தைக் கைவிட்டது. இடையில் 23 நாள். ஒன்றால் மற்றொன்று நடந்ததாகச் சொல்ல முடியாது. சின் பெங்கின் கட்சி வெகுகாலம் பீக்கிங் பக்கம் சாய்ந்திருந்தது, பேச்சுவார்த்தையும் முன்பே தொடங்கியிருந்தது.

பெர்லின் சுவரின் கணக்கு நீதிமன்றத்துக்குப் போனது. கடைசித் தலைவர்களில் ஒருவரான ஏகோன் கிரென்ஸுக்கு 1997இல் ஆறரை ஆண்டுச் சிறை. எல்லை பற்றிய முடிவுகள் மாஸ்கோ கையில் இருந்தன, இது வென்றவன் தோற்றவனுக்கு வழங்கும் நீதி என்று அவர் கடைசிவரை வாதிட்டார். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2001இல் தண்டனையை ஏற்றுக்கொண்டது. மலாயா வேலியைப் போட்டவர் யாரும் எங்கும் கூண்டில் ஏறவில்லை. பத்தாங் காலியில் இறந்தவர்களின் குடும்பத்தார் விசாரணை கேட்டுப் போராடியும் 2015இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. வென்றவன் நீதி என்று கிரென்ஸ் சொன்னதை நான் ஏற்கவில்லை. ஆனால் வென்றவனின் வேலியைக் கேட்க நீதிமன்றம் கிடைப்பதில்லை என்பது சிலாங்கூரிலிருந்து பார்த்தால் தெரிகிறது.

புதுக்கிராமத்தின் கம்பியை எடுத்தபோது மனையும் குடியிருப்பு உரிமமும் மிஞ்சின. உரிமம் காலப்போக்கில் குத்தகையானது. அரசியல் கட்சியும் அமைச்சும் அந்த ஊர்களுக்கு உரிமை கொண்டாடின. ஜிஞ்சாங்கும் செர்டாங்கும் பட்டணமாயின. தோட்டத்தின் கம்பியை எடுத்தபோது அடியிலிருந்த பழைய எல்லை அப்படியே இருந்தது. வேலை போனால் வீடு போகும். 1950களில் பிரிட்டிஷ் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்கத் தொடங்கின. அதனால் தொழிலாளர் பட்ட பாட்டை பொருளியல் அறிஞர் உங்கு அஜீஸின் ஆய்வு 1960களின் தொடக்கத்தில் பதிவுசெய்தது. பெட்டாலிங் ஜெயா எழுந்தது எஃபிங்ஹாம் என்ற ரப்பர் தோட்டத்தில். ஷா ஆலம் எழுந்ததும் தோட்ட நிலத்தில்தான். கிள்ளான் பள்ளத்தாக்கு நகரமாகிக்கொண்டே போகப் போக, மூன்று தலைமுறை மரம் சீவியவர்கள் லயத்தைக் காலிசெய்துவிட்டு ஆற்றோரத்திலும் ரயில் பாதையோரத்திலும் பலகை வீடு கட்டினார்கள். 1950இல் காட்டோரத்துச் சீனருக்கு அரசு வைத்த பெயர் அப்போது அவர்களுக்கு வந்தது: புறம்போக்குக் குடிகள்.